நஷ்டத்துக்குப் போன முதல் வரி

பள்ளி திறக்கப் போகிறது என்று கடைக்கு எழுதுபொருள் பெட்டிகள் வந்து இறங்கின. ஒன்றைப் பிரித்தேன். நான்கு நிறப் பேனாக்கள். ஒன்றை எடுத்து அட்டையில் கிறுக்கிப் பார்த்தேன். அந்த மை வாசனையில் எனக்கு வந்தது கோபம்தான், உன்மேல். நீ போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. இறந்தவன்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் உன்னோடு ஐந்தாம் படிவம் படிக்கவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. கிள்ளானில் உன் அக்கா வீட்டில் தங்கிப் படித்தாய். பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உன் அப்பா. ஐந்தாம் படிவத்தில்தான் பள்ளியின் கடைசிப் பரீட்சை; அதில் மலாய்த் தாளில் தேறாவிட்டால், மற்றப் பாடங்களில் எவ்வளவு வாங்கினாலும் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் நீ ஆசைப்பட்ட ஆஸ்பத்திரிப் பயிற்சி இல்லை. உன் சித்தப்பாவின் லோரியில் செம்பனைக் குலை ஏற்றப் போக வேண்டியதுதான். இதெல்லாம் உனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்தாய்? அட்டவணை போட்டாய்.

மலாய்க்குச் சிவப்பு, கணக்குக்கு நீலம். ஒரு கட்டம் கோணிவிட்டது என்று முழுத் தாளையும் கிழித்துப்போட்டு மறுபடி ஆரம்பித்தாய்.

"எப்படா படிக்க உக்காரப் போற?"

"திங்கக்கெழமைலேர்ந்து லா. பாதி வாரத்துல ஆரம்பிச்சா நல்லா வராது."

"அந்த டைம்டேபிளுக்கு ஃப்ரேம் போட்டு சாமி ரூம்ல மாட்டுடா. அதாச்சும் பாஸ் பண்ணட்டும்."

சிரித்தாய். உன்னை அடிக்கவும் விடாது, திட்டவும் விடாது அந்தச் சிரிப்பு. திங்கள் வந்தது. பென்சில் சீவினாய், மேசையைத் துடைத்தாய், யாரும் கேட்காமலே பாத்திரம் கழுவினாய். "இவனுக்குப் பரீட்சை வந்தா என் வீடு பளபளன்னு ஆயிடுது தம்பி" என்று உன் அக்கா என்னிடம் சொல்லிவிட்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். வாத்தியார் கொடுத்த கட்டுரைத் தலைப்புகளில் ஒன்றைக்கூட நீ தொடவில்லை.

ஒருநாள் பஸ் நிற்குமிடத்தில் வைத்து வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். சோம்பேறி என்றேன், லோரிக்குத்தான் லாயக்கு என்றேன். நீ பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாய்: "எழுதாத வரைக்கும் எனக்கு மலாய் வருமா வராதான்னு யாருக்கும் தெரியாது லா. எழுதிட்டா தெரிஞ்சிடும்ல."

 இந்த மாதிரி நேரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே காரியம், ஆளைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போவது. சனிக்கிழமை காலை, பாசாரில் என் மாமாவின் காய்கறிக் கடைக்கு உன்னைக் கூட்டிப் போனேன்.

அன்றைக்கு முதலில் வந்தது ஒரு மலாய் மக்சிக், அத்தை வயசுக்காரர். கீரைக்கட்டைத் தூக்கிப் பார்த்து, விலை அதிகம் என்று முகத்தைச் சுளித்து, நகரப் பார்த்தார். மாமா வாங்கிய விலைக்கும் கீழே கொடுத்து அனுப்பினார். உனக்குத் தாங்கவில்லை.

"என்ன மாமா, நஷ்டத்துக்குக் குடுக்கிறீங்க?"

"போணிடா. மொத ஆளு சும்மா போனா நாள் பூரா ஈ ஓட்டணும். மொத யாவாரத்துல லாபம் பாக்கக் கூடாது. கை ஓடுனா போதும்."

எத்தனையோ சனிக்கிழமை கேட்ட பேச்சு. அன்றைக்குத்தான் எனக்கு வேறு மாதிரிக் காதில் விழுந்தது. முட்டைக்கோஸ் வந்த பெட்டியைக் கிழித்து அட்டையை உன் முன்னால் போட்டேன்.

"எழுது. மொத வரி நஷ்டத்துக்குப் போகட்டும். தப்பாவே எழுது."

"தப்பா எழுதி என்னடா பண்றது?"

"போணி பண்றது."

கால் மணி நேரம் பேனாவைக் கடித்தாய். பிறகு, இன்று பாசாரில் கீரை மலிவு என்று மலாயில் எழுதினாய். எனக்குத் தெரிந்தே இரண்டு பிழை. உடனே கிழிக்கக் கை போனது. நான் அட்டையைப் பிடுங்கி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு அடுத்த அட்டையை நீட்டினேன். "பைத்தியக்காரன்" என்றாய். எழுதினாய். மக்சிக்கின் முகச் சுளிப்பை எழுதினாய், மாமாவின் பேரத்தை எழுதினாய். கடை கட்டுகிற நேரத்தில் மாமா கேட்டார்: "யார்டா என் பெட்டியெல்லாம் கிழிச்சது?"

அதன்பிறகு அட்டவணை இல்லை. தினம் முதலில் ஒரு மோசமான வரி, அப்புறம் மற்றது. மலாயில் தேறினாய், இழுத்துப் பறித்துத்தான். பயிற்சிக்கு இடம் கிடைத்தது. லோரி, சித்தப்பாவோடே போனது.

அதோடு முழுக்கத் திருந்திவிட்டாயா என்றால், இல்லை. உன் கல்யாணப் பத்திரிகையை கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரை அச்சுக்குக் கொடுக்காமல் எழுத்தின் நிறம் பார்த்துக்கொண்டிருந்தாய். அச்சகத்து வாசலில் நின்று நான்தான் கத்தினேன். "சரி லா, போணி பண்ணு" என்றாய், அதே சிரிப்போடு.

இப்போது என் கடையில் எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். ஒருத்தர் ஒரு வேலையைத் தொடாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தால், சோம்பேறி என்ற சொல் என் வாய்வரை வந்துவிடுகிறது. அதை விழுங்கிவிட்டு, "இதுல எது பயமா இருக்கு?" என்று கேட்கிறேன். கேட்டுப் பார்த்ததில் பாதிப் பேர் அசல் சோம்பேறிகள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். மீதிப் பேர் கொஞ்ச நேரம் வாசல் பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். அவர்களுக்காக, எவ்வளவு அவசரமானாலும், நின்று கேட்க வேண்டியிருக்கிறது. வியாபார நேரத்தில் எனக்கு இப்படியொரு வேலை வைத்துவிட்டுப் போய்விட்டாய்.