வெந்நீர்க் கால்வாய்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி இல்லாத வீடாகப் பார்க்கச் சொன்னேனே, மாமா காதில் வாங்கினாரா?

நீ சொன்ன இடத்திலேயே மீன் கூண்டுகளைப் போட்டது நல்லதாயிற்று. அணு உலையைக் குளிர வைத்துவிட்டுக் கால்வாய் வழியாகக் கடலுக்கு வரும் தண்ணீர், இந்தக் குளிரிலும் வெதுவெதுவென்று இருக்கிறது. என் மீன்கள் ஒவ்வொன்றும் மாமா மாதிரி தொப்பை வைத்துவிட்டன (அவரிடம் சொல்லாதே). கடல் மீனும் சூட்டுக்காக வலைக்கு வெளியே வந்து மொய்க்கிறது. "உங்கக்கா ஆபீசர்னா சும்மாவா" என்று என் பெண்டாட்டிக்கு ஒரே பெருமை.

உன் தம்பி

பிப்ரவரி 2

அக்கா,

எல்லாம் போய்விட்டது. நேற்று மாலை, ஒரு வார்த்தை சொல்லாமல் உலையை நிறுத்தியிருக்கிறார்கள். வெந்நீர் நின்றுவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் சில்லிட்டுக் கிடக்கிறது. திடீர்க் குளிர் தாங்காமல் செத்து, கூண்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. வெளியே நின்ற கடல் மீனும் செத்துக் கரை முழுக்க ஒதுங்கிக் கிடக்கிறது.

என் கூண்டிலிருந்து நோய் பரவியது என்கிறார்கள் அணுமின் நிலையத்துக்காரர்கள். படகுக்காரர்கள் நம்பிவிட்டார்கள். "எங்க வாயில மண்ணைப் போட்டுட்டியேடா" என்று நேற்றுவரை மாமன் மச்சானாகப் பழகியவன் கேட்கிறான். தண்ணீரின் சூட்டு அளவு மணிக்கு மணி உன் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குத்தானே வருகிறது? ஒரே ஒரு வரி எழுது அக்கா, தண்ணீர் திடீரென்று குளிர்ந்துவிட்டது என்று. உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் தம்பி

பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

அளவுகளைப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான். ஆறு மணி நேரத்தில் பதினோரு டிகிரி இறங்கியிருக்கிறது. ஆனால் எங்கள் படிவத்தில் தண்ணீர் எவ்வளவு சூடாகலாம் என்பதற்குத்தான் வரம்பு. குளிர்வதைப் பற்றிக் கேள்வியே கிடையாது. அறிக்கையில் 'நோய் என்று சந்தேகம்' என்று எழுதச் சொன்னார் மேலதிகாரி. கையெழுத்துப் போட்டுவிட்டேன்டா.

அந்த இடத்தைச் சொன்னதே நான்தான் என்று தெரிந்தால் வேலை போய்விடும். ஓய்வு பெற இன்னும் பதினெட்டு மாதம்தான். மீன் செத்தது பற்றி அடுத்த மாதம் நடக்கும் விசாரணையில் நான் உன் அக்கா என்று மட்டும் வாயை விட்டுவிடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

உன் அக்கா

மார்ச் 14

மதிப்பிற்குரிய அம்மையீர்,

விசாரணை முடிந்தது. உங்கள் அறிக்கையை வாசிப்பதற்கு முன் விசாரணைக் குழுத் தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இதுல கையெழுத்துப் போட்டவங்க உங்களுக்கு உறவா? உறவுன்னா இந்த அறிக்கை செல்லாது, புதுசா விசாரிக்கணும்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் பெண்டாட்டி முழங்கையால் இடித்தாள்.

"இல்லைங்க. அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது" என்றேன்.

அறிக்கையை வாசித்தார்கள். என் மீன் வளர்ப்பு உரிமத்தை ரத்து செய்தார்கள். படகுக்காரர்கள் கைதட்டினார்கள். பெண்டாட்டி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

உங்களைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். வீடு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். வாசலுக்கு வந்தபோது அது பொய்யாகத் தோன்றவில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
கூண்டுக்காரன்