பெற்றுக்கொண்டோம்

சீரஸ் சிறுகோள், தகவல் நிலையம். பொறுப்பு: சண்முகவடிவு. தளத்தில் நான் மட்டும்.

மார்ச் 3, காலை 6:10
செய்திகளைச் சரிபார்த்துக் கடத்தும் கேட்வே சீராக இயங்குகிறது. சுரங்க நிறுவனங்களின் ஆணைகள் இந்த வழியாகத்தான் வெஸ்டா சிறுகோளில் உள்ள கிடங்குக்குப் போகின்றன. குரல் இணைப்பு கிடையாது. கையொப்பச் சான்றிதழ் இல்லாத செய்தியைக் கேட்வே ஒதுக்கிவிடும்; 'பெற்றுக்கொண்டோம்' என்கிற பெறுகைச் செய்திக்கு மட்டும் விலக்கு. இன்று எனக்காகவும் ஓர் ஆணை அனுப்பினேன்: காற்று வடிகட்டி. இருப்பது தேய்ந்துவிட்டது. பதில் வந்தது: "பெற்றுக்கொண்டோம். வடிவம் சரி."

மார்ச் 19, மாலை 5:40
வடிகட்டி வரவில்லை. மீண்டும் அனுப்பினேன். "பெற்றுக்கொண்டோம். வடிவம் சரி." நிம்மதியாக இருந்தது.

ஏப்ரல் 7, காலை 9:15
ஓர் அறைக்கு மட்டும் காற்று விட்டிருக்கிறேன். தலைவலி. அதே ஆணையில் பொருளின் பெயருக்குப் பதில் 'யாராவது இருக்கிறீர்களா' என்று எழுதி அனுப்பினேன். "பெற்றுக்கொண்டோம். வடிவம் சரி." இதை எழுதுவது இயந்திரம் என்று எனக்குத் தெரியும். இருந்தும் இத்தனை நாள் ஆள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டேன். அழுகை வரவில்லை. தேநீர் போட்டேன்.

ஏப்ரல் 11, பிற்பகல் 2:30
சேமிப்பில் இடமில்லை என்று எச்சரிக்கை. ஒதுக்கிய செய்திகளை அழிக்கப் போனேன். வெஸ்டாவிலிருந்து வந்தவை.

"மேடம், கிடங்கு இருதயராஜ் பேசுதேன். எங்க சான்றிதழ் காலாவதி ஆயிட்டு. வெறும் செய்திதான் அனுப்ப முடியும்."

"யக்கா, வடிகட்டி ஏத்தின வண்டி வருது. ஆளில்லா வண்டி. நீங்க அனுமதி குடுத்தாத்தான் இறங்கும்."

"உங்க கேட்வே எங்க மாமியாரு மாதிரி. வாசல்லயே நிறுத்திப் போட்டுருது. பதில் சொல்லுங்கக்கா."

"உங்க தலைக்கு மேலதான் சுத்துது. எரிபொருள் ஏழாந்தேதி வரைக்குந்தான்."

"வண்டியத் திருப்பிட்டாவ. ஏதோ தெரியாத பொருள் கேட்டீங்கன்னு வடிகட்டி ஆணையவே எங்க மெஷின் கழிச்சிட்டு. அங்க ஆளே இல்ல, மெஷினுதான் ஆணை அனுப்புதுங்காவ. நான் நம்பல. ஒரு வார்த்தை எழுதுங்கக்கா."

மாலை 4:05
கையொப்ப விதியை நீக்கினேன். அதற்குப் பின் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. இறங்க அனுமதி அனுப்பினேன். "பெற்றுக்கொண்டோம். பயணம் ரத்து. ஒதுக்கப்பட்டது."

4:20
ஆணைப் படிவம் இல்லாமல், வெறும் செய்தியாக 'இருக்கிறேன் இருதயராஜ்' என்று எழுதினேன்.
"பெற்றுக்கொண்டோம். வடிவம் தவறு. ஒதுக்கப்பட்டது."

4:50
மறுபடி எழுதினேன். அதே பதில். ஒதுக்கியவற்றை அவர் திறந்து பார்த்தால் போதும். நான் திறந்ததே இங்கே இடம் தீர்ந்ததால்தான்.
வெஸ்டா பெரிய கிடங்கு. அங்கே சேமிப்பில் இடம் தாராளமாக இருக்கும்.