என் இலையில் வாய் வைத்த காக்கை

அன்பு மகள் முத்துமீனாவுக்கு அப்பா எழுதுவது. அம்மா போனில் சொன்னபடி நான் உயிரோடுதான் இருக்கிறேன், புனேயில் நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. எழுத்து ஏறியும் இறங்கியும் கிடக்கும், பொறுத்துப் படி. ஆனால் முழுக்க என் கைதான் தாயி. இம்மானுவேல் வாத்தியாரின் சாயங்கால வகுப்பில் கற்றது. கழுத்தில் துளை போட்டுப் பேச்சு போன பிறகுதான் எனக்கு எழுத்து வந்தது, நினைத்தால் சிரிப்பு வருகிறது, சத்தம்தான் வருவதில்லை.

போன வாரம் பாண்டீஸ்வரி அத்தை உனக்குப் போன் போட்டு, அண்ணன் போயிட்டாரு என்று அழுதாளாமே. அவள்மேல் கோபப்படாதே. தொண்டைக் கட்டியை எடுக்கலாம், ஆனால் உடம்பில் தெம்பில்லை, இப்போது அறுத்தால் தாங்காது, தேறி வாங்க என்று டாக்டர் அனுப்பிவிட்டார் அல்லவா. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழச் சொன்னார், என்னால் ஆகவில்லை. மூக்குக் குழாயில் கஞ்சியும் பாலும் போகிறது, வாய்க்கு ஒன்றுமில்லை. உன் அம்மா மனசு கேளாமல் அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்து, வாசமாவது பிடிங்க என்று வாசலில் உட்கார்ந்திருந்த என் முன்னால் முக்காலியில் இலை போட்டுச் சோறு வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். வாசம் மூக்குக்கு எட்டவில்லை, கண்ணை மூடி நினைத்துக்கொண்டேன், அம்புட்டு சுகம். கண்ணைத் திறந்தால் இலையில் ஒரு காக்கை. விரட்டலாம் என்றால் கை மடியை விட்டு எழவில்லை. அது என்னை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, ஆள் இல்லாத இடத்தில் தின்கிற மாதிரி நிதானமாகத் தின்றது.

அப்போதுதான் அத்தை வந்தாள். செத்தவர்களுக்குப் படைத்துக் காக்கை எடுக்கிறதா என்று பார்ப்பது நம் வழக்கம், ஆள் உயிரோடு இருக்கையில் அவர் இலையில் காக்கை வாய் வைக்காது என்பது அவள் நம்பிக்கை. கூச்சல் போட்டுத் தெருவையே கூட்டி, உனக்கும் போன் போட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுச் சோணை என் மூக்கருகே விரல் வைத்து, மூச்சு இல்லையே என்றான். எனக்கு மூச்சு கழுத்துத் துளையில்தானே ஓடுகிறது, அதன்மேல் துண்டு கிடந்தது. காலைத் தொட்டுச் சில்லிட்டுப் போச்சு என்றான், அது எப்போதும் சில்லென்றுதான் இருக்கிறது. கோபக்காரரு, ஆனா கை சுத்தம் என்றாள் ஒருத்தி. செத்தவனைப் பற்றி இன்னும் என்ன சொல்வார்களோ என்று கேட்க ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. விழித்து விழித்துப் பார்த்தேன். கண்ணு திறந்தே கிடக்கு, மூடிவிடுங்க என்று யாரோ சொன்னார்கள், சோணையின் உள்ளங்கை என் முகத்துக்கு மேலே இறங்கி வந்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது தாயி. நல்லவேளை உன் அம்மா குடத்தோடு வந்தாள். அட எடுபட்டவனே என்று திட்டிக்கொண்டே துண்டை விலக்கி, அவன் கையை இழுத்து என் கழுத்தில் வைத்தாள். சூடான மூச்சு பட்டதும் அவன் துள்ளி விழுந்தான், போ.

அதிலிருந்து இலை போட்டால் எதிரே உட்கார்ந்து அவளும் சாப்பிடுகிறாள். அதுவரை என் முன்னால் தின்ன மனமில்லாமல் அடுப்படியில் இரண்டு வாய் போட்டுக்கொண்டு அவளும் இளைத்திருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. காக்கை இப்போதும் வருகிறது. இலையைப் பார்ப்பதில்லை, என்னைத்தான் பார்க்கிறது. நானும் அதைப் பார்த்துக்கொண்டே எழுந்து எழுந்து உட்கார்கிறேன், இன்னும் கை ஊன்றித்தான்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் மறுபடி பார்க்கிறார். கை ஊன்றாமல் எழுந்தால் அறுப்பார்கள், எழாவிட்டால் இல்லை. நீ இப்போது வர வேண்டாம். வந்தால் கடைசியாகப் பார்க்க வந்தாள் என்பார்கள், எனக்கும் அப்படியே தோன்றிவிடும். மீனாட்சி தாயும் நம் அய்யனாரும் உங்களைக் காக்கட்டும். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. எழுந்தேனா இல்லையா என்று அடுத்த வாரம் நானே என் கையால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆண்டிச்சாமி