கும்பினித் துரைக்கு ஒரு பாட்டில்

அங்காளம்மன் துணை

திண்டிவனம்
11-11-62

கண்ணான மகன் சுப்புராயனுக்கு அம்மா எழுதுறது. நீ பட்டாளத்தோட எந்த மலையில, எந்தக் குளிருல இருந்தாலும் கை கால் சுகத்தோட இருக்கணும்னு மலையனூராளைக் கும்பிட்டுக்கினு எழுதுறேன். இங்க நான் சுகம், மாடு கன்னு சுகம். உங்க நைனாவைத்தான் அப்படி எழுத முடியல, சப்ஜெயில்ல இருக்காரு. பதறாதே, முழுசாப் படி.

ஐப்பசி பொறந்ததிலிருந்து உன் கடுதாசி இல்ல. சீனாக்காரன் சண்டைன்னு டீக்கடை ரேடியோவுல சொல்லச் சொல்ல மனுஷன் சோத்தையே மறந்துட்டாரு. நம்ம மல்லாட்டை வெதைக்கிற கொல்லை ஓரத்துல அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கும்பினித் துரை சமாதி இருக்குதே, அதுக்கு வருஷா வருஷம் ஆடியில சுருட்டும் சாராயமும் வெக்கிறது நம்ம வீட்டு வழக்கம், மதுவிலக்கு வந்தப்புறம் வெறும் சுருட்டோட நின்னுபோச்சு. துரைக்குக் குறை வெச்சோம், அதான் புள்ளைகிட்டருந்து சேதி இல்லன்னு ஒரே பிடியாப் பிடிச்சிக்கினு, எனக்கும் சொல்லாம புதுச்சேரிக்குப் பஸ் ஏறிட்டாரு. பிராந்தி பாட்டிலைக் கேப்பைப் பையில சொருவிக்கினு வர்றப்ப செக்போஸ்ட்ல மாட்டிக்கினாரு. அந்தத் துரையே புதுச்சேரி பிரெஞ்சுக் கும்பினியோட சண்டை போட்டுச் செத்தவன், அவனுக்குப் புதுச்சேரி பிராந்தி வாங்கப் போன புத்திசாலி உங்க நைனா ஒருத்தர்தான்.

சரி, அதோட போச்சா. வக்கீல் குமாஸ்தா விருத்தாசலம் படிச்சிப் படிச்சி சொன்னாரு, உடம்பு வலிக்குக் குடிக்க வாங்கினேன், தப்புதான்னு ஒத்துக்கோங்க, அபராதத்தோட விட்டுடுவாங்கன்னு. கோர்ட்டுல ஏறி நின்னு இவரு, நான் குடிக்கிறவன் இல்லீங்க, துரைக்கு வாங்கினேன்னாராம். எந்தத் துரைன்னு ஜட்ஜ் கேட்டாராம். கும்பினித் துரைங்கன்னாராம். எல்லாரும் சிரிச்சிருக்காங்க, கேசு வாய்தா போச்சு. நான் ஜெயிலுக்குப் போய் அவருகிட்ட அழுதேன். பொய் சொன்னா வேண்டுதல் கெட்டுடும், புள்ளைக்கு ஆகாது, கம்பி எண்ணினாலும் எண்ணுறேன்னுட்டாரு. பேஜாராப் போச்சுடா எனக்கு.

வந்த கோவத்துல நேரா சமாதிக்குப் போனேன். உன் கும்பினியும் போச்சு, உன் ஜனமும் கப்பல் ஏறிட்டாங்க, உனக்கு இன்னும் என்னடா குடி வேண்டிக்கெடக்குன்னு வாய்க்கு வந்தபடி ஏசினேன். அப்புறம் மனசு கேக்கல. அந்தக் கல்லுல இருக்கிறதை வாத்தியார் முன்னே படிச்சிச் சொன்னாரே, இருபத்திரண்டு வயசுன்னு. உன் வயசுடா. இவனைப் பெத்தவளும் தபாலுக்குக் காத்துக்கினு இருந்திருப்பாளேன்னு நெனச்சதும் அழுதுட்டேன். கையில இருந்த மோரை அங்கயே ஊத்திட்டு வந்துட்டேன்.

நெஞ்சுல சளி கட்ட விடாதே, கம்பளியைக் கழட்டாதே. நீ நூறு வயசு நல்லா இருக்கணும். மறந்துடாதே, உடனே ஒரு கார்டு போடு, வீட்டுக்கு வேணாம், திண்டிவனம் சப்ஜெயில்னு நைனா பேருக்கே போடு, வெக்கப்படாதே. உன் சேதி வந்துட்டா வேண்டுதல் பலிச்சிச்சுன்னு அவரு குமாஸ்தா பேச்சைக் கேப்பாரு. எழுத நேரம் இல்லன்னா வெறும் கார்டுல உன் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பு, அது போதும் எங்களுக்கு.

உன் வழி பார்த்துக்கினு இருக்கும்
அம்மா கோவிந்தம்மாள்