பேனர் இல்லாத இடத்தில் போட்ட ஊசி

சம்பந்தி, சௌக்கியமா இருக்கிறீர்களா? அங்கே சர்க்கரைக்கு மாத்திரை போடச் சொல்லி யாரும் உங்களை அதட்ட மாட்டார்கள். காபியில் ரெண்டு கரண்டி சர்க்கரை போட்டுத்தானே குடிக்கிறீர்கள்? குடியுங்கள். இனிமேல் யார் கேட்பது.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உங்கள் மகள்தான் எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதம்மா என்றால், "அப்பா படிச்சா சிரிப்பாரு மாமா, நான் ஒழுங்கா எழுதுறேன்" என்கிறாள். ஆகையால் எழுத்து அவளுடையது, பேச்சு என்னுடையது.

இன்று காலையில் பேத்திக்கு ஐந்து வயது ஊசி போட்டார்கள். நர்ஸம்மா பஞ்சில் ஸ்பிரிட்டை ஊற்றினார் பாருங்கள், அந்த வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. குழந்தை அழுவதற்கு முன்னாலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஊசி பாப்பாவுக்கா, தாத்தாவுக்கா?" என்று நர்ஸம்மா கேலி செய்தார். நான் என்னத்தைச் சொல்ல? அந்த வாசனையோடு நீங்களும் வந்து நின்றீர்கள், கஞ்சி போட்ட கரை வேட்டியில், சட்டையின் இடது கையைச் சுருட்டி ஏற்றிக்கொண்டு.

கரை வேட்டி என்றதும் நம் பிள்ளைகளின் கல்யாணம் ஞாபகம் வருகிறது. உங்கள் பத்திரிகையில் உங்கள் தலைவர் படம், எங்கள் பத்திரிகையில் எங்கள் தலைவர் படம். ஊரார் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, "ஒரே முகூர்த்தத்துல ரெண்டு கல்யாணமா?" என்று கேட்டார்கள். பந்தல்காரர் என்ன நிறத்தில் துணி கட்டினாலும் நம்மில் யாராவது சண்டைக்கு வருவோம் என்று பயந்துபோய், இரண்டு கட்சிக்கும் சம்பந்தமில்லாத ரோஸ் நிறத்தைக் கட்டிவிட்டார். அந்த வெளிச்சத்தில் தவில்காரர் முதற்கொண்டு எல்லாரும் முகத்தில் பவுடர் அப்பிய மாதிரி இருந்தார்கள். உங்கள் மகளுக்கு வெற்றிச்செல்வி என்று பெயர் வைத்ததே உங்கள் தலைவர்தான், பொதுக்கூட்ட மேடையில். என் மகனுக்குப் பெயர் வைத்தது எங்கள் தலைவர், வேறொரு மேடையில். அப்படிப்பட்ட ரெண்டு பேருக்கு எப்படித்தான் ஒருத்தரை ஒருத்தர் பிடித்ததோ. கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் வகுப்பில் என்றார்கள். அந்த வகுப்பில் கொடிக்கம்பம் இல்லை போலிருக்கிறது.

"மாமா, கதைக்கு வாங்க" என்கிறாள் செல்வி. வருகிறேன்.

நம் ஊரில் வாய்க்காலுக்குக் கிழக்கே எங்கள் கட்சி, மேற்கே உங்கள் கட்சி. இந்தக் கரையில் எங்கள் கொடி, அதன் கீழே எங்கள் டீக்கடை. அந்தக் கரையில் உங்கள் கொடி, உங்கள் டீக்கடை, உங்கள் கட்சிக்குக் கிளைச் செயலாளராக நீங்கள். சம்பந்தம் செய்துகொண்ட பிறகும் நான் உங்கள் கடையில் டீ குடித்ததில்லை, நீங்கள் எங்கள் கடையில் குடித்ததில்லை. உங்கள் வீட்டுக்கு வந்தால் பாலத்தைத் தாண்டி, கடையைப் பார்க்காத மாதிரி நடந்து, நேரே கூடத்தில்தான் வந்து உட்காருவேன். அதுதான் நம் மரியாதை.

கொரோனாவுக்கு ஊசி வந்தபோது உங்கள் ஆட்சி. "அவங்க ஆட்சியில வந்த ஊசி. கைய நீட்டுன, போய்ச் சேந்துருவ" என்று எங்கள் தெருவில் பேசினார்கள். நர்ஸம்மா ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் எங்கள் தெரு வயலுக்குப் போய்விடும். பிறகு தேர்தல் வந்தது. ஆட்சி மாறியது. அதே நர்ஸம்மா, அதே பெட்டி, அதே ஊசி. இப்போது எங்கள் தெரு வரிசையில் நின்றது, உங்கள் தெரு வயலுக்குப் போனது. ஊசி மாறவில்லை சம்பந்தி. பயம்தான் பாலம் தாண்டி அந்தக் கரைக்குப் போய்விட்டது.

எங்கள் ஒன்றியக் கவுன்சிலர் ஒருவர் இருந்தாரே, ஆர்வக்கோளாறு. பள்ளிக்கூடத்தில் முகாம் என்றதும் வாசலை மறைத்துப் பெரிய பேனர் கட்டினார். தலைவர் படம் ஆள் உயரத்துக்கு, ஓரத்தில் இவர் கும்பிடுகிற படம். ஊசி போட்டுக்கொண்டவரை எல்லாம் அந்தப் பேனருக்குக் கீழே நிறுத்திப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். பிறகு உங்கள் தெருவிலிருந்து யார் வருவார்கள்?

"அது ஊசி முகாம் இல்ல சம்பந்தி, உறுப்பினர் சேர்க்கை" என்றீர்கள் நீங்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உள்ளே செல்வி சிரிக்கவில்லை.

அப்போது அவள் வளைகாப்பு முடிந்து உங்கள் வீட்டில் இருந்தாள். என் மகன் சிங்கப்பூரில். வர முடியாமல் தினமும் போனில் ஒரே கேள்வி: "செல்வி ஊசி போட்டுக்கிட்டாளா?" மாசமாக இருப்பவர்களும் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்வதுதான் நல்லது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பக்கத்து ஊரில் ஒரு பெண், இவள் மாதிரியே மாசமாக இருந்தவள், மூச்சுத் திணறி தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். பிள்ளை மட்டும்தான் திரும்பி வந்தது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. நீங்களும்தான் சாப்பிடவில்லை என்று சம்பந்தியம்மாள் பிறகு சொன்னார்கள்.

"யாருக்கும் தெரியாம வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போய்ப் போட்டுருவோம்" என்றேன் நான்.

அவள் கேட்கவில்லை. "நான் என்ன திருடப் போறேனா? அப்பாவுக்குச் சக்கரை. எனக்கு முன்னால அவருக்குத்தான் ஆபத்து. அவரு போட்டுக்கிட்டா நானும் போட்டுக்குறேன். இல்லன்னா ரெண்டு பேரும் இப்படியே இருப்போம்" என்று உங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள்.

நான் கவுன்சிலரிடம் போய்க் கேட்டேன். அந்தப் பேனரை ஒரு நாளைக்கு மட்டும் அவிழ்த்து வையுங்களேன் என்றேன். "தலைவர் படத்த எடுக்கச் சொல்றீங்க. நீங்க எந்தக் கட்சிங்க?" என்றார். நாற்பது வருஷம் கொடி பிடித்தவனை நேற்று வந்தவர் கேட்டார். நர்ஸம்மாவிடம் போய், வீட்டுக்கே வந்து போட்டுவிடுங்களேன் என்றேன். உங்கள் தெருவுக்குள் வீடு வீடாக வந்து பார்த்தாயிற்று, யாரும் கதவைத் திறப்பதில்லை என்றார். "ஒரு குப்பியத் திறந்தா பத்துப் பேராவது வேணுங்க. ஒருத்தருக்காகத் திறந்தா மிச்சம் வீணாப் போயிரும்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

புரட்டாசி பிறந்தது. குறுவை அறுத்து எல்லாரும் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுக் காத்துக் கிடந்தோம். அந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். கிழக்குத் தெரு நெல் எது, மேற்குத் தெரு நெல் எது என்று குவியலைப் பார்த்தால் தெரியாது. ஈரம் அதிகம் என்று நிலையத்து அதிகாரிகள் திருப்பி அனுப்பினால் இரண்டு தெருவும் சேர்ந்துதான் அவர்களைத் திட்டும். அன்றைக்கு மத்தியானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. முதல் சொட்டு விழுந்ததும் எல்லாரும் ஓடினோம். அங்கே தன் குவியலைத் தேடிக்கொண்டு யாரும் ஓடுவதில்லை. பக்கத்தில் எது திறந்து கிடக்கிறதோ அதை மூட வேண்டும், அவ்வளவுதான். நான் யாருடைய நெல்லின் மேலோ படுதாவை இழுக்கிறேன், நிமிர்ந்து பார்த்தால் மறு முனையைப் பிடித்து இழுப்பது நீங்கள்.

காற்று படுதாவைத் தூக்கியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டோம். மழை தலையில் கொட்டியது. அப்போதுதான் நீங்கள் சொன்னீர்கள்.

"ஊசிக்கு நான் பயப்படல சம்பந்தி. நேத்து வரைக்கும் என் கூட கொடி பிடிச்சவன் பாதிப் பேரு உங்க பக்கம் வந்துட்டான். அந்தப் பேனருக்குக் கீழ நான் போய் உக்காந்தா, இவனும் தாவிட்டான்னுதான் தெரு பேசும். தோத்த கட்சிக்காரனுக்குத் தெருதான் மிச்சம். அதையும் விட்டுட்டு நான் எங்க போவேன்?"

உங்களுக்கு வறட்டுக் கௌரவம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"தெரு மிச்சம்னு சொல்றீங்க. சரி. அந்தத் தெரு உசுரோட இருக்கணுமா வேணாமா?" என்றேன். "செல்வியும் அந்தத் தெருவுலதான் இருக்கா."

நீங்கள் முகத்து மழையைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தீர்கள். எங்கள் ஆட்களும் உங்கள் ஆட்களும் மாறி மாறி ஒருவர் நெல்லின் மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"அந்த நர்ஸம்மாவ நாளைக்கு இங்க வரச் சொல்லுங்க" என்றீர்கள். "இங்க கொடி கிடையாது. எவன் பேனரோட வந்தாலும் அதை நெல்லு மூட வாங்கிக்கிடுவேன். ஆனா ஒன்னு, நான் கரை வேட்டியோடதான் வருவேன்."

"கரை வேட்டியென்ன, கொடியையே கட்டிக்கிட்டு வாங்க" என்றேன்.

மறுநாள் வெயில். நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தோம். நீங்கள் வந்தீர்கள் பாருங்கள், ஏதோ மாநாட்டுக்குத் தலைமை தாங்க வருகிற மாதிரி. பின்னால் செல்வி, கையில் குடை. எங்கள் கட்சிக்காரன் ஒருவன், அதற்கு முந்தின மாசம்தான் உங்கள் கட்சியிலிருந்து வந்தவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "என்ன அண்ணே, இந்தப் பக்கம் வந்துட்டீங்களா?" என்றான். "நான் கட்சி மாற வரலடா, ஊசி போட்டுக்க வந்தேன். பக்கம் மாறுறதெல்லாம் ஒனக்குத்தான் வரும்" என்றீர்கள். இரண்டு தெருவும் சேர்ந்து சிரித்தது. அப்படிச் சேர்ந்து சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கவுன்சிலர் எப்படியோ மோப்பம் பிடித்துப் போனோடு வந்துவிட்டார். நீங்கள் மூட்டை மேல் உட்கார்ந்து, வேட்டியை முழங்காலில் நன்றாக விரித்துவிட்டு, "எடுங்க தம்பி. கரை தெரியுற மாதிரி எடுங்க" என்றீர்கள். அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நெல்லின் ஈரத்தைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார்.

"எடது கையில போடுங்கம்மா. வலது கையி ஓட்டுப் போடுற கை. அது எங்க கட்சிக்கு" என்றீர்கள்.

"ஊசிக்கு ஓட்டே கிடையாதுங்க ஐயா" என்றார் நர்ஸம்மா. பஞ்சால் துடைத்தார். குத்தினார். நீங்கள் முகம் சுளிக்கவில்லை. சுளிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது.

அடுத்தது செல்வி. அதற்கடுத்து உங்கள் தெருப் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். "செயலாளரே போட்டுக்கிட்டாரு, அப்புறமென்ன" என்று ஒரு அம்மாள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நர்ஸம்மா இன்னொரு குப்பியைத் திறந்தார். பிறகு இன்னொன்று.

அன்று சாயங்காலம் உங்களுக்குக் காய்ச்சல். பார்க்க வந்தேன். போர்வைக்குள்ளிருந்து, "பாத்தீங்களா, உங்க ஆட்சி ஊசி" என்றீர்கள். "நாளைக்கு விட்டுடும் சம்பந்தி" என்றேன். "காய்ச்சல் விட்டுடும். உங்க ஆட்சி அஞ்சு வருசம்ல இருக்கும்" என்றீர்கள். அடுத்த அறையில் செல்வி, தனக்கும் காய்ச்சலோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கார்த்திகையில் பேத்தி பிறந்தாள். மழையில், பத்திரமாக, இரண்டு பேரும்.

போன வருஷம் அந்தச் சர்க்கரை உங்கள் சிறுநீரகத்தைத் தின்று தீர்த்துவிட்டது. உங்கள் கொடி போர்த்திய பாடையின் ஒரு முனையை நான் எங்கள் கரை வேட்டியோடு தூக்கினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. நீங்கள் அன்றைக்கு வேட்டியை மாற்றாமல் வந்தீர்களே, அந்தத் தைரியம்தான் எனக்கும். ஒரு ஆளைக் கட்சியை விட்டுவிட்டு வா என்று கூப்பிட்டால் வரமாட்டான், கட்சியோடு வருவதற்கு ஒரு இடம் பார்த்துக் கொடுக்க வேண்டும். இது எனக்கு எந்த மேடையிலும் கேட்டு வந்த புத்தி இல்லை. நனைந்த நெல்லின் மேல் உங்களோடு உட்கார்ந்து வந்தது.

இப்போது பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு ஊசியாம். பின்னால் கர்ப்பப்பை வாயில் புற்று வராமல் காக்குமாம். உடனே கிளம்பிவிட்டார்கள், இது அவன் செய்த சூழ்ச்சி, இவன் செய்த சூழ்ச்சி, பிள்ளை பிறக்காமல் பண்ணிவிடுவார்கள் என்று. பயம் எந்தக் கரையில் என்று கேட்காதீர்கள், இந்த முறை இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் முன்பு மாதிரி யாரும் கதவைச் சாத்தவில்லை. வந்து பேசுங்கள் என்று உங்கள் டீக்கடையிலிருந்தே எனக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். நர்ஸம்மாவும் வருகிறார். இந்த ஊசியைப் பற்றி எனக்கு என்ன தெரியும், அவர் சொல்வார். நான் சொல்லப்போவது வேறு.

இதோ, வாசலில் உங்கள் கட்சியின் இப்போதைய செயலாளர் சைக்கிள் மணியை அடிக்கிறார். "பெரியப்பா, எவ்ளோ நேரம்? கடையில எல்லாரும் வந்துட்டாங்க. டீ ஆறுது!"

வந்துட்டேம்பா. செல்வி, நீ இதையும் எழுது. சம்பந்தி, நான் அங்கே போய் உட்கார்ந்ததும் முதல் பேச்சாக, உங்க பொண்ணுங்கள எங்க பக்கம் கூட்டிட்டு வாங்கன்னு நான் கேக்க வரல, எந்த இடத்துல வச்சா உங்களுக்குத் தோதுப்படும்னு நீங்க சொல்லுங்க, நான் எங்க தெருவ அங்கயே கூட்டிட்டு வர்றேன்னு சொல்லப்போகிறேன்.