நீலச் சேலையின் பாதி இலை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா? மாடியில் துணி காயப்போடுவதை அப்பாவிடம் விட்டுவிடு.

கோடை விடுமுறையில் விடுதியே காலி. நான் நூலகத்தில் ஜவுளிப் புத்தகங்களோடு இருக்கிறேன். சாயத்தில் தொடங்கி, தறியில் நுழைந்து, சேலைக் கரைகளுக்கு வந்தபோது ஒரு சின்ன விஷயம் நடந்தது. பயப்படாதே.

கல்லூரி வடிவமைப்புப் போட்டியில் எனக்கு முதல் பரிசு வாங்கித் தந்த கொடிக் கரையை என் சொந்தக் கற்பனை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். அதே கொடி, அதே வளைவு, நாற்பது வருடப் பழைய புத்தகத்தில் இருக்கிறது.

நான் விஷயத்தைச் சொன்னதும் நூலகர் அக்கா எட்டிப் பார்த்தார். "இந்தப் புத்தகத்த நீதான் முதல்ல எடுத்திருக்கே. பேசாம மூடி வச்சிடு, யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்குத் தெரிந்துவிட்டதே, அம்மா. அது உன் நீலச் சேலைக் கரை. உன் மடியில் படுத்துப் பார்த்ததையே கற்பனை என்று நினைத்து வரைந்திருக்கிறேன்.

என் கொடியில் ஓர் இலை மட்டும் பாதியில் நிற்கும். "இதுதாம்மா உன் முத்திரை" என்று ஆசிரியர் புகழ்ந்தது அதைத்தான். புத்தகத்தில் எல்லா இலையும் முழுசு. இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டையை நீ மடித்துத் தைத்தாயே, அங்கே வந்தது அந்தப் பாதி இலை.

கல்லூரி திறந்ததும் ஆசிரியரிடம் சொல்லிவிடுவேன். பரிசு போகட்டும், படிப்பும் சேர்ந்து போய்விடுமோ என்றுதான் பயம். அப்பாவுக்கு இப்போது தெரிய வேண்டாம்.

ஆசிரியரிடம் காட்ட அந்தச் சேலையை அனுப்பி வை. போட்டோ போதாது. தபால் எடுக்க வந்துவிட்டார்கள், முடிக்கிறேன். சேலையைத் துவைக்காமல் அனுப்பு.

உன் மகள்