சுப்பவைசர் கதிரை

அன்புத் தங்கச்சி,

இதெல்லாம் நடக்குமென்று நான் அன்றைக்கே சொன்னவன். கொச்சிக்கடைப் பண்டசாலையில் பெண்களுக்கென்று ஒதுக்கிய முதல் சுப்பவைசர் பதவி உன் மகளுக்குத்தான்! கொட்டாஞ்சேனை முழுக்க வெடி கொளுத்தாத குறை.

"பொம்பிளை எண்டபடியாத்தானே தந்தவங்கள்?" என்று லொறிக்காரன் ஒருவன் நக்கலடித்தானாம். "ஓம் அண்ணை. இனி லொறியைப் பின்னுக்கு எடுங்கோ" என்றாளாம் உன் மகள். எடுத்தான். பின்னால் நின்ற பத்து லொறிகளும் எடுத்தன!

கலியாணம் பேச அவளை யாழ்ப்பாணம் அனுப்பச் சொல்லியிருந்தாய். தரைப்பாதை பூட்டியிருப்பதால் திருகோணமலை போய்த்தான் கப்பல் ஏற வேண்டும்; அந்தக் கப்பலில் இப்போதைக்கு இடமில்லையாம்.

சரி, உன்னிடம் எதற்கு மறைப்பது? இடமில்லை என்றது என் கைச்சரக்கு. டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன், திருப்பித் தந்துவிட்டாள். "மாமா, நான் போனா, பொம்பிளையள் நிலைக்க மாட்டினம் எண்டு சொல்லி அந்தக் கதிரையில திரும்பவும் ஒரு ஆம்பிளையைத்தான் இருத்துவாங்கள்" என்றாள்.

நானும் அவள் பக்கந்தான்.

உன் அண்ணன்